ஊசி முனையளவு உயிரணுக்கள்

ஜூலை 7, 2025, திங்கள். சுங்கை சிப்புட், மலேசியா

அத்தையின் கழுத்துக் கட்டியிலிருந்து மெல்லிய ஊசியால் எடுத்த மாதிரிக்கான அறிக்கை இன்று வந்தது. போதிய உயிரணுக்கள் இல்லை, மீண்டும் எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். முப்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கையால் அத்தை அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, "மறுபடியும் குத்துவார்களா?" என்று மட்டும் கேட்டார்.

புரத ஆய்வைப் படிப்பாகக் கொண்ட எனக்கு அந்தக் கேள்வி உறக்கத்தைக் கெடுத்துவிட்டது. டிஎன்ஏ துணுக்கு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பிசிஆர் முறையில் அதைக் கோடிக்கணக்காகப் பெருக்கிவிடலாம். புரதத்தை அப்படிப் படியெடுக்க வழியில்லாததால், ஊசியில் ஏறியதை வைத்தேதான் அளக்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

25 உயிரணுக்களிலேயே புரதங்களின் செயல்நிலையை அளந்து காட்டிய 2006 ஆம் ஆண்டு ஆய்வை மீண்டும் படித்தேன். அதில் பயன்படும் நுண்குழாயின் கொள்ளளவு ஏறத்தாழ 400 நானோ லிட்டர்; ஒரு நீர்த்துளியில் நூறில் ஒரு பங்கு என்று சொல்லலாம்.

அத்தைக்கு இதை விளக்க ரப்பர் பாலே உதவியது. பாலிலுள்ள துகள்களைப் போர்த்தியிருக்கும் புரதங்கள் எதிர்மின்னேற்றம் கொண்டிருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. ஆசிட் ஊற்றியதும் அந்த மின்னேற்றம் அடங்கிப் பால் உறைகிறது. குறைத்து ஊற்றினால் பால் இறுகாது என்றார் அத்தை. ஆய்விலும் அதுபோலத்தான்: நுண்குழாயின் ஒரு முனை அமிலமாகவும் மறுமுனை காரமாகவும் இருக்க, மின்சாரம் பாய்ந்ததும் ஒவ்வொரு புரதமும் தன் மின்னேற்றம் அடங்கும் இடம்வரை நகர்ந்து அங்கேயே நின்றுவிடுகிறது. புற ஊதா ஒளியால் அதைக் குழாய்ச் சுவரில் பதித்து, அதனுடன் மட்டும் ஒட்டும் எதிர்ப்பானைச் செலுத்தி, வேதிவினையில் எழும் ஒளியை அளக்கிறார்கள். புரதத்தை இயக்கவோ நிறுத்தவோ உயிரணு ஒட்டும் சிறு வேதித்தொகுதியான பாஸ்பேட் ஒன்று கூடுதலாக ஒட்டியிருந்தாலும் புரதம் நிற்கும் இடம் அமிலப் பக்கமாக நகர்ந்துவிடும்; ஆகவே, ஒரே புரதம் விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்பதும் தெரிந்துவிடுகிறது. என்னை இந்தத் துறைக்கு இழுத்ததே இந்த நுட்பம்தான்.

ஜூலை 12, சனி

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் ஃபேன், டீன் ஃபெல்ஷர் குழுவினர் 2009 இல் இம்முறையை நோயாளிகளின் மாதிரிகளுக்கே கொண்டுசென்றனர். நிணநீர்ப் புற்றுநோய்களில் புற்றுநோய்க்குத் துணைபோகும் எம்ஒய்சி, பிசிஎல்2 ஆகிய புரதங்களின் அளவைக் கணித்ததோடு, இமாட்டினிப் மருந்துக்குப் பலன் கண்ட இரத்தப் புற்றுநோயாளிகளிடம் உயிரணு வளர்ச்சிக்கான சைகையைக் கடத்தும் இஆர்கே2 புரதத்தில் எதிர்பாராத மாற்றத்தையும் கண்டனர். நோயின் பெயரைக் கண்ணாடித் தகட்டில் உயிரணுக்களைப் பார்க்கும் மருத்துவரே சொல்ல வேண்டும். ஆனால் மருந்து உயிரணுவுக்குள் வேலை செய்கிறதா என்பதை, கட்டி சுருங்கும்வரை காத்திராமல், சிறு ஊசிக் குத்துகளால் அடுத்தடுத்துப் பார்க்க முடிவதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஜூலை 16, புதன்

விடியற்காலைப் பேருந்தில் ஈப்போ சென்றோம். இம்முறை எடுத்த மாதிரியை அங்கேயே நுண்நோக்கியில் பார்த்துவிட்டு, உயிரணுக்கள் போதும் என்றார் மருத்துவர். கழுத்துப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, "இருபத்தைந்துக்கு மேல் இருக்குமா?" என்று அத்தை என்னிடம் மெதுவாகக் கேட்டார்.