கை வைக்கக் கூடாது: ராகிக் கொல்லையில் ஒரு குட்டி ரோவர்

செவ்வாய்க் கிரகத்தில் ஓடும் ரோவர் மாதிரி, தூரத்திலிருந்தே ஓட்டும் ஒரு குட்டி வண்டியை வீட்டில் செய்தேன். அதற்கு ஆரம்பத்திலேயே ஒரு விதி போட்டுக்கொண்டேன். வண்டியைக் கொல்லையில் இறக்கிவிட்ட பிறகு நானோ வேறு யாரோ அதன்மேல் கை வைக்கக் கூடாது. கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான், வயர் கழன்றால் கழன்றதுதான். செவ்வாயில் தூக்கிவிட ஆள் ஏது? விளையாட்டாகப் போட்ட விதி இவ்வளவு படுத்தும் என்று அன்றைக்குத் தெரியாது. மார்கழியிலிருந்து இந்தச் சித்திரை வரை நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி இதனால் வந்ததுதான்.

வீடு சூளகிரிப் பக்கம், வேலை ஓசூரில், ஷிப்ட். ராகி அறுத்தபின் கொல்லையில் ஒரு மூலையை அப்பா சும்மா விட்டிருந்தார். நல்ல செம்மண், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குண்டுக்கல், வேலி ஓரத்தில் மாட்டுக் கொட்டகைத் தரைக்கு வாங்கி மிச்சமான கிரஷர் தூள் அரை டிராக்டர். நாசா போடும் செவ்வாய்ப் படங்களைப் பார்த்துவிட்டு அந்த மூலையைப் பார்த்தால் வானத்தின் நிறம் ஒன்றுதான் இடிக்கும். மண் சிவப்பாக இருக்கும் காரணம்கூட இரண்டு இடத்திலும் ஒன்றுதான், இரும்புத் துரு. இப்படி மண் தேடுவது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. சந்திரயான் வண்டியை ஓட்டிப் பார்க்க இஸ்ரோ நிலவு மண் மாதிரி செய்தபோது, அதற்கான பாறை போனது நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலிருந்துதான்.

முதல் மாதம் முழுக்க உடம்பு செய்வதிலேயே போனது. நாசாவின் செவ்வாய் ரோவர்களில் 1997-இல் இறங்கிய சோஜர்னர் பத்தரை கிலோ, 2021-இல் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஒரு டன்னுக்கும் மேல். ஆனால் இரண்டுக்கும் கால் ஒரே மாதிரி. ராக்கர் போகி என்பார்கள். பக்கத்துக்கு மூன்று சக்கரம், ஸ்பிரிங் கிடையாது, கீல்கள் மட்டும். ஒரு சக்கரம் கல்மேல் ஏறும்போது மற்ற ஐந்தும் தரையை விடாது, பின்சக்கரங்கள் தள்ளத் தள்ள முன்சக்கரம் கல்லின்மேல் அழுந்தி ஏறிவிடும். சந்திரயான்-3-இல் நிலவுக்குப் போன நம் பிரக்யானும் இதே குடும்பம்தான், 26 கிலோ. நான் வீட்டுக்குத் தண்ணீர் லைன் போட்டபோது மிச்சமான முக்கால் இஞ்ச் பிவிசி பைப்பிலும் டீ, எல்போவிலும் செய்தேன். கீலுக்கு ஸ்கேட்டிங் சக்கரத்தின் பேரிங்.

இதில் ஒரு மடத்தனம் செய்தேன், சொல்லிவிடுகிறேன். கியூரியாசிட்டி என்ற செவ்வாய் ரோவரின் படத்தில் முதுகின்மேல் குறுக்காக ஒரு கம்பி கிடக்கும், பார்த்திருப்பீர்கள். அழகுக்கு வைத்தது என்று நினைத்து விட்டுவிட்டேன். வண்டியைத் தரையில் வைத்ததும் பெட்டி தொப்பென்று மூக்கைக் குத்திக்கொண்டது. திரும்ப நிமிர்த்தினால் பின்பக்கம் சாய்கிறது. அந்தக் கம்பிதான் இடது காலையும் வலது காலையும் இணைக்கிறது, ஒன்று மேலே போனால் மற்றது கீழே அழுந்தும், நடுவில் இருக்கும் பெட்டி இரண்டுக்கும் சராசரியாக நிற்கும். தராசு மாதிரி. கம்பியை நடுவில் ஒரு போல்ட்டில் மாட்டி, இரண்டு நுனியையும் கால்களோடு இணைத்தேன். அதற்கப்புறம் ஒரு பக்கத்தை மட்டும் செங்கல்மேல் ஏற்றிப் பார்த்தபோது பெட்டியின் மேல் வைத்திருந்த டம்ளரில் தண்ணீர் சிந்தவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, உண்மையிலேயே.

மோட்டார் கதை நீளம், சுருக்கமாகச் சொல்கிறேன். கடையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் கியர் மோட்டார் ஆறு வாங்கி மூன்றின் பல் உடைந்தது. அடுத்து நிமிடத்துக்கு 30 சுற்று ஓடும் இரும்புப் பல் மோட்டார். அது வேகம் அதிகம், மண்ணைத் தோண்டிக்கொண்டு அங்கேயே இறங்குகிறது. கடைசியில் 10 சுற்று மோட்டாருக்கு வந்தேன், இப்போது நொடிக்கு 6 செ.மீ. நகர்கிறது. ஆமை என்று வீட்டில் சிரிக்கிறார்கள். பெர்சிவரன்ஸ் முழு வேகத்தில் போனாலே நொடிக்கு நாலு செ.மீ. சொச்சம்தான். அந்த வகையில் நம்ம வண்டி முந்துகிறது.

சக்கரம் நாலு இஞ்ச் பைப்பை வளையமாக அறுத்தது, மேலே சைக்கிள் டியூப் பட்டைகள். ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் வேண்டுமென்றே ஒரு பட்டையை விட்டுவிட்டேன். கியூரியாசிட்டியின் சக்கரத்தில் துளைகள் உண்டு, அவை மண்ணில் ஜே, பி, எல் என்ற மூன்று எழுத்தை மோர்ஸ் குறியாக, அதாவது புள்ளியும் கோடுமாகப் பதித்துக்கொண்டே போகும். தன்னைக் கட்டிய ஆய்வகத்தின் பெயரை எழுதிப் போகிறது என்று ரசிக்கலாம், ஆனால் அதற்கு வேலையும் இருக்கிறது. வழவழப்பான மணலில் கேமராவுக்குப் பிடிப்பாக ஒன்றும் தெரியாது, தன் தடத்தில் திரும்பத் திரும்ப வரும் அந்தக் குறியை வைத்து எவ்வளவு தூரம் நிஜமாக நகர்ந்தோம் என்று அளந்துகொள்ளும். பெர்சிவரன்ஸோடு செவ்வாய்க்குப் போன இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டர் 5 தடவை பறந்தால் போதும் என்று அனுப்பியது, 72 தடவை பறந்தது, கடைசியில் 2024 ஜனவரியில் றெக்கை உடைந்ததும் இப்படி அடையாளமே இல்லாத மணல் மேடுகளுக்கு மேல்தான்.

என் சக்கரம் ஒரு சுற்றுக்கு 36 செ.மீ. போக வேண்டும். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு, தடத்தில் பட்டை இல்லாத இடத்திலிருந்து அடுத்த இடம் வரை அளந்தேன். காய்ந்த செம்மண் சமதரையில் 33. கிரஷர் தூள் மேட்டில் ஏறும்போது 22. அதாவது கிட்டத்தட்ட 40 சதம் சும்மா சுற்றியிருக்கிறது. வண்டியிடம் கேட்டால் ஒரு மீட்டர் வந்துவிட்டேன் என்று சத்தியம் செய்யும், ஆள் அறுபது செ.மீ. தான் வந்திருப்பான். இந்தக் கணக்கைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நாசாக்காரர்கள் ஏன் ஒரு நாளைக்கு நூறு மீட்டர் போனதையெல்லாம் பெரிய சாதனையாகச் சொல்கிறார்கள் என்று புரிந்தது. அதே மேட்டில் ஜல்லிச் சில்லு குத்தி இரண்டு பட்டை கிழிந்தது. கியூரியாசிட்டிக்கும் அப்படித்தான், 2013-இலேயே அதன் அலுமினியச் சக்கரத்தில் கூர்க்கல் குத்தி ஓட்டை விழ ஆரம்பித்துவிட்டது. அந்தத் தோலின் கனம் முக்கால் மில்லிமீட்டர்தான். எனக்கு டியூப் மாற்ற அரை மணி நேரம். அதற்கு மாற்ற ஆள் இல்லை, ஓட்டையோடு பல வருடமாக ஓடுகிறது.

அப்புறம் தாமதம். செவ்வாய் பக்கத்தில் இருக்கும்போது சிக்னல் போய்ச்சேர 3 நிமிடம், தூரத்தில் இருக்கும்போது 22 நிமிடம். நான் நடுவாக 10 நிமிடம் என்று வைத்தேன். போனிலிருந்து கட்டளை கொடுத்தால் வண்டியின் போர்டு அதை 10 நிமிடம் வைத்திருந்து பிறகுதான் செய்யும். அது எடுக்கும் போட்டோவும் 10 நிமிடம் கழித்துத்தான் வரும். டிரைவர் அக்கா பையன், எட்டாவது படிக்கிறான். அவன் வீட்டுக்குள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு.

முதல் நாள் அவன் செய்தது, முன்னே போ, பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை, திரும்பவும் முன்னே போ, திரும்பவும். மூன்று கட்டளையும் வரிசையாகப் போய்ச்சேர்ந்து வண்டி வேலிமுள்ளில் போய் நின்றது. "மாமா, நெட் ஸ்லோவா?" என்றான். நெட் இல்லைடா, வெளிச்சமே ஸ்லோ என்றேன். அவனே ஒரு வாரத்தில் வழி கண்டுபிடித்தான், ஒரு போட்டோவைப் பார்த்து நோட்டில் கோடு போட்டு, இத்தனை சுற்று, இத்தனை டிகிரி திரும்பு, நின்று போட்டோ எடு என்று மொத்தமாக ஒரு பட்டியலை அனுப்புவது. நிஜ ரோவர் ஓட்டுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், காலையில் அன்றைய வேலையை மொத்தமாக அனுப்பிவிட்டு வண்டியை அதன் போக்கில் விடுவது. நிலவில் நிலைமை தேவலை, சிக்னல் போக ஒரு நொடி சொச்சம். 2023 ஆகஸ்ட் 27 அன்று பிரக்யானுக்கு முன்னால் மூன்று மீட்டரில் நாலு மீட்டர் அகலப் பள்ளம் தெரிந்தது, திருப்பிவிட்டார்கள்.

எங்களுக்குத் தெரியவில்லை. போன வாரம் முன்பக்க இடது சக்கரம் எலி வளையில் இறங்கிவிட்டது. மேலே பொருக்கு, கீழே வெறும் பொடி. கேமரா தூரத்து வரப்பை அழகாகக் காட்டுகிறது, காலடி தெரியவில்லை. நிஜ ரோவர்களில் வயிற்றுக்குக் கீழே முன்னும் பின்னும் தனிக் கேமரா இருக்கும், நான் ஐந்நூறு அறுநூறு ரூபாய் மிச்சம் என்று வைக்கவில்லை. போட்டோவில் அடிவானம் சாய்ந்திருப்பதை வைத்துத்தான் பையன் கண்டுபிடித்தான்.

எனக்கு உடனே ஸ்பிரிட் என்ற நாசாவின் செவ்வாய் ரோவர் ஞாபகம் வந்தது. 2009-இல் இதே மாதிரி பொருக்குக்கு அடியில் இருந்த மென்மணலில் இறங்கியது. பூமியில் மணல் தொட்டி கட்டி, அதில் இன்னொரு ரோவரைச் சிக்கவைத்து, மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். வெளியே வரவில்லை. 2010 மார்ச்சோடு பேச்சு நின்றது. நான் ஒரு பக்கெட்டில் அதே மண்ணைப் போட்டு உபரி மோட்டாரையும் சக்கரத்தையும் அழுத்திப் பார்த்தேன். முன்னே சுற்றினால் இன்னும் இறங்குகிறது. பின்னால் மெதுவாகச் சுற்றினால் கொஞ்சம் பிடிக்கிறது. சரி, மறுநாள் பட்டியல் அனுப்பலாம் என்று இருந்தபோது சாயங்காலம் கோடை மழை.

இங்கே வீட்டில் பெரிய வழக்கு. வண்டியைத் தூக்கி வந்தால் விதி போச்சு. தூக்காவிட்டால் நாலாயிரத்துச் சொச்சம் போச்சு. அம்மா அன்னக்கூடையைக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வந்தார். கூடையைத்தான் தொட்டேன், வண்டியைத் தொடவில்லை என்பது அம்மா கட்சி. பையன் ஒத்துக்கொள்ளவில்லை. செவ்வாயில் அம்மா இருக்கமாட்டார் என்றான்.

அங்கே ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த மழை நேரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். இந்த வேலை ஆரம்பிக்கும் முன் நானும் மனுஷனை அனுப்பு, ரோபோவெல்லாம் சும்மா என்கிற கட்சி. ஸ்பிரிட்டைக் காலால் ஒரு தள்ளு தள்ள ஒரு ஆள் இருந்திருந்தால் போதும், அது உண்மைதான். ஆனால் அந்த ஆள் மூச்சு விட வேண்டும். செவ்வாய்க் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் மாக்ஸி என்ற பெட்டி பெர்சிவரன்ஸுக்குள் இருந்தது, இரண்டு வருடத்தில் 16 தடவை ஓட்டி மொத்தம் 122 கிராம் எடுத்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 840 கிராம் அளவுக்கு. அதாவது அந்த 122 கிராம் மூன்றரை மணி நேரத்து மூச்சு. நாலு பேர் அங்கிருந்து ராக்கெட்டில் கிளம்ப மட்டும் 25 டன் ஆக்சிஜன் வேண்டும் என்பது நாசா கணக்கு. போகவே ஆறேழு மாதம் ஆகும், கிளம்ப நல்ல நேரம் வருவது 26 மாதத்துக்கு ஒரு தடவை. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், இப்போதைக்கு என் கட்சி மாறிவிட்டது. முதலில் வண்டிகள் போய் ஆக்சிஜன் நிரப்பி, தண்ணீர்ப் பனியைத் தோண்டி வைத்திருக்கட்டும், ஆள் அப்புறம். பையன் ஒத்துக்கொள்ளவில்லை, அவனுக்கு அவனே போக வேண்டும்.

ஆயா கேட்டது ஒன்றுதான், "அங்க கேவுரு வெளையுமா?" மண் பார்க்க நம் மண் மாதிரிதான் ஆயா, ஆனால் 2008-இல் ஃபீனிக்ஸ் என்ற விண்கலம் போய் பார்த்தபோது மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருந்தது, கழுவாமல் விதைத்தால் நமக்கு ஆகாது என்றேன். "உப்பு மண்ணுக்கு இவ்ளோ தூரம் போவணுமா" என்று வெற்றிலையை மடித்தார்.

மறுநாள் மண் இறுகியிருந்தது. பின்னால் அரைச் சுற்று, நில், போட்டோ, பின்னால் அரைச் சுற்று. நாலாவது பட்டியலில் அடிவானம் நேரானது. பையன் கத்தியது ரோடு வரை கேட்டிருக்கும். ஆனால் சேறு ஏறி அந்த இடது முன்சக்கரம் செத்துவிட்டது, சுற்றவே இல்லை. கழற்றிக் கழுவினால் ஐந்து நிமிட வேலை. கை வைக்கவில்லை.

ஸ்பிரிட்டுக்கும் 2006-இல் ஒரு முன்சக்கரம் செத்தது. அவர்கள் வண்டியைப் பின்னோக்கி ஓட்டி அந்தச் சக்கரத்தை இழுத்துக்கொண்டே போனார்கள், அது கீறிய கோட்டில்தான் 2007-இல் வெள்ளையாக சிலிக்கா வெளியே வந்தது, ஒரு காலத்தில் அங்கே வெந்நீர் ஊற்றோ நீராவியோ இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. நாங்களும் அப்படியே ரிவர்ஸில் இழுத்தோம். எட்டு மீட்டர் போயிருக்கிறது, கீறலில் இதுவரை வந்தது கோரைக்கிழங்கு இரண்டு, ஒரு பாட்டில் மூடி.

ஆயா வரப்பில் நின்று அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கோணலா போவுதுடா சாமி. நேரா இழுத்துச்சுன்னா ஆடிக்கு ஒரு சால் அவரைக்கொட்டை ஊனிடலாம்" என்றார். திசைகாட்டி சென்சார் ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரும்.