காலுறைக்குள் வந்த சில்லறை

போன மாதம் பெறாமகள் சுவிஸில் இருந்து வந்து நின்றாள். எனக்கென்று கொண்டுவந்தது இரண்டு பெட்டி சொக்லேட்டும், ஒரு பழைய காலுறைக்குள் முடிந்த சில்லறையும். "சித்தப்பா, இங்க காசு மாத்துற இடத்தில சில்லறைக் குத்தி எடுக்கமாட்டினம். நீங்களே வச்சிருங்கோ" என்றாள். சொக்லேட் பிள்ளைகளிடம் போய்விட்டது. நான் காலுறையை மேசையில் கொட்டினேன்.

பளபளவென்று பெட்டியில் அடைத்து விற்கும் காசுகளில் எனக்கு ஆசை இல்லை. யாரும் செலவழிக்காத காசு என்ன காசு? நான் சேர்க்கத் தொடங்கியதே அப்பப்பாவின் தகரப் பெட்டிக்குள் கிடந்த சதுரக் காசுகளால்தான். அவர் மலாயா றெயில்வேயில் இருந்து ஊர் திரும்பிய பென்சனியர். ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை போட்ட ஒரு சத மலாயாக் காசு, நாலு மூலையும் மழுங்கி, ராசாவின் மூக்கும் தேய்ந்து கிடந்தது. எத்தனை தேத்தண்ணிக் கடைகளைக் கண்டிருக்கும்!

காலுறைக்குள் இருந்தவற்றில் பத்து றாப்பன் ஒன்றில் 1944 என்று இருந்தது. றாப்பன் என்றால் சுவிஸ் பிராங்கின் சதம். யாரோ கடைக்காரர் மிச்சக் காசாகக் கொடுத்தது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்தில் கிடந்த புதியதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். வித்தியாசம் இருந்தால்தானே? ஒரு பக்கம் பெண் தலை, மறுபக்கம் இலை வளையத்துக்குள் 10. 1879இல் போட்ட அதே படத்தைத்தான் இன்றும் அடிக்கிறார்கள். எங்கள் பத்துச் சதம் பித்தளையில் இருந்து அலுமினியமாகி, பிறகு ஆளையே காணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழமைபோல மாஸ்டரும் கம்பஸில் படிக்கும் தம்பியும் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்தார்கள். புதிதாகக் கிடைத்ததை மேசையில் வைத்துக் கதைப்பதுதான் எங்கள் கூட்டம். மாஸ்டர் தன் பையில் இருந்தும் ஒரு பத்து றாப்பனை எடுத்தார். 1930களில் அடித்தது. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனதும் டக்கென்று ஒட்டிக்கொண்டது, என்னுடையது அசையவில்லை. 1932 முதல் 1939 வரை தனி நிக்கலில் அடித்தார்களாம். மாஸ்டரின் முகத்தில் பரிசு வென்ற பிள்ளையின் சிரிப்பு.

ஒரு பிராங்க் குத்திகளில் இன்னொரு வேடிக்கை. நின்றுகொண்டிருக்கும் பெண்ணைச் சுற்றி நட்சத்திரங்கள், மாநிலத்துக்கு ஒன்று என்ற கணக்கு. பழையவற்றில் 22. ஜூரா என்ற மாநிலம் 1979இல் தனியாகப் பிரிந்ததால் 1983 முதல் 23. சுவிஸில் பிறந்து வளர்ந்த பெறாமகள் இதை எண்ணிப் பார்த்ததே இல்லை. பூதக்கண்ணாடியை வாங்கி, உதட்டை அசைத்து அசைத்து எண்ணினாள்.

நோர்வேயில் இருந்து முன்பு வந்த ஓட்டை போட்ட ஐந்து குரோனரையும் காட்டினேன். "பிள்ளைக்கு அரைஞாண் கயிற்றில கோர்க்கலாம்" என்றாள் உள்ளே இருந்து மனைவி. சரி, அதை விடுவோம்.

தம்பி கடைசியாகத்தான் தன் பொட்டலத்தை அவிழ்த்தான். ஒல்லாந்தர் காலத்துத் துட்டு. பெரிய V எழுத்தின் இரண்டு கால்களிலும் O, C தொங்கும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை. மறுபக்கம் அலைகளுக்கு மேலே எழும்பும் சிங்கம், சீலாந்து மாகாணத்தின் சின்னம். ஒல்லாந்தில் அடித்து, கப்பலில் ஏறி, எங்கள் கோட்டையடிக்கு வந்த செப்புக்காசு. ஆனால் அது செப்புக்காசு மாதிரியே இல்லை. புதுக் குத்துவிளக்கு மாதிரி மினுங்கியது.

"என்னடா செய்தனி?" என்றார் மாஸ்டர்.

"பழப்புளி போட்டு மினுக்கினான் மாஸ்டர். உங்களுக்கு வடிவாத் தெரியட்டும் எண்டு..."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இருநூறு வருசமாகச் செப்பில் படிந்த பழுப்புத் தோலை அரை மணித்தியாலத்தில் உரித்துவிட்டான். ஆண்டில் 17 மட்டும்தான் மிச்சம். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, துட்டு என்ற சொல்லே ஒல்லாந்தரின் 'டொயிட்' என்பதில் இருந்து வந்தது என்று பாடம் எடுக்கத் தொடங்கினார். நானோ படங்களில் கேட்டுக் கேட்டு அதை மெட்ராஸ் சொல் என்று நினைத்திருந்தேன். தம்பியும் தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். போகும்போது, "கடதாசியில சுத்தி வை, தொடாதே. மெல்ல மெல்லக் கறுக்கும்" என்று மட்டும் சொன்னார் மாஸ்டர். அவன் முகம் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டாக இருந்த 22 நட்சத்திர பிராங்கில் ஒன்றை அவன் கையில் வைத்து, "இதை மினுக்கிப்போடாதே" என்றேன்.

பெறாமகள் பயணம் வெளிக்கிடும் நாள் காலையில் தயங்கித் தயங்கி வந்தாள். "சித்தப்பா, ஒரு பிராங்க் மட்டும் திருப்பித் தாறீங்களா? அங்க கடையில தள்ளுவண்டி எடுக்கக் குத்தி போடவேணும், கையில ஒண்டும் இல்லை."

ஆல்பத்தைத் திறந்தேன். கொடுக்குமுன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். இருபத்துமூன்று. கொடுத்துவிட்டேன்.