சென் கியோம் தெருவும் என் பத்து வருடக் காட்டும்

ஐந்தாம் குடியரசு 1958இல் தொடங்கியதிலிருந்து பிரான்சுக்கு எட்டு ஜனாதிபதிகள். அதில் பொம்பிது, மித்தரோன், சிராக், ஒலாந்த், மக்ரோன் ஆகிய ஐந்து பேரும் பாரிஸ் ஏழாம் வட்டாரத்தில் உள்ள ஒரே இடத்தில் பட்டம் வாங்கியவர்கள். சார்க்கோசியும் அங்கே போனார், பட்டம் எடுக்காமல் வெளியே வந்தார். த கோலும் ஜிஸ்கார் தெஸ்தானும்தான் அங்கே படிக்காதவர்கள். பிரதமர்களை எண்ணத் தொடங்கினால் கைவிரல் காணாது.

அந்த இடத்தின் பெயர் சியான்ஸ் போ, அரசியல் படிப்பிக்கிற உயர்கல்விக்கூடம். சென் ஜெர்மன் பெருந்தெருவிலிருந்து பிரிகிற சென் கியோம் என்ற ஒடுங்கிய தெருவில், 27ஆம் இலக்கம். புதிதாக வந்து இறங்கும் எங்கட ஆட்களுக்குத் தமிழ்க் கடைத்தெருவான லாசப்பல் பாடம், கார் து நோர் ரயில் நிலையம் பாடம், அகதி மனு கொடுக்கிற அலுவலகங்களின் வாசல்கள் எல்லாம் பாடம். இந்தத் தெரு யாருக்கும் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

எனக்கு அதைக் காட்டித் தந்தவர் ஒரு செர்வர், சாப்பாடு பரிமாறுகிறவர். நான் முதலில் பிளோஞ், அதாவது கோப்பை கழுவுகிற வேலை, பிறகு குசினிக்குள் மரக்கறி வெட்டுகிற வேலை பார்த்த உணவகம் அந்தத் தெருவுக்கு இரண்டு மூன்று நிமிட நடை. பின்னேரம் நான்கு மணிக்கு மேல் வாசல் மேசைகளில் மாணவர்கள் வந்து குந்துவார்கள். ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் கதைப்பார்கள். செர்வருக்கு அதில் கடுப்பு. ஆனால் பிரித்தாஞ் பக்கத்து மனுசன், பழைய ஆள், கடுப்பிலும் ஒரு பெருமை. "கோபிக்காதே, இவர்களில் ஒருவன் இருபது வருடம் கழித்து உன் சம்பள வரியைத் தீர்மானிப்பான்" என்பார். எனக்கு அப்போது இருந்த பிரெஞ்சுக்கு அதில் பாதிதான் விளங்கியது. சம்பளத்தை விடப் பெரிய விஷயங்களையும் அந்த மேசைக்காரர்கள் தீர்மானித்தார்கள் என்பது பிறகு பிறகுதான் தெரிந்தது.

நான் வந்தது 1996இல். யாழ்ப்பாணத்தில் வலிகாமம் முழுவதும் போரில் 1995 ஒக்டோபர் கடைசியில் இடம்பெயர்ந்து, சாவகச்சேரி, கிளிநொச்சி என்று அலைந்து, கொழும்பு வந்து, அதன்பிறகு எல்லாருக்கும் தெரிந்த வழி. மார்க்ஸ் தோர்முவா மெத்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு அறையில் ஆறேழு பெடியள். அந்த வருட ஆவணி ஒரு காலை, அறையில் இருந்த மூத்த பெடியன் வெளியே போகாதேங்கோ என்று மறித்தான். நடக்கிற தூரத்தில் உள்ள சென் பெர்னார் தேவாலயத்தில் காட் (வதிவு அட்டை) இல்லாத ஆபிரிக்கர்கள், கிட்டத்தட்ட முந்நூறு பேர், குழந்தை குட்டிகளோடு ஆனி முடிவிலிருந்து தங்கியிருந்தார்கள். ஓகஸ்ட் 23 காலை பொலிஸ் கோடரியால் கதவை உடைத்து உள்ளே போனது. தேவாலயக் கதவைக் கோடரியால் உடைப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எங்கள் அறையில் ஒருவரும் பேசவில்லை. யாழ்ப்பாணத்தில் நவாலித் தேவாலயத்துக் குண்டு விழுந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இரண்டும் ஒன்றல்ல, அது எனக்கும் தெரியும். ஆனாலும் மனம் அங்கேதான் போனது.

அன்றைக்குப் பிரதமர் அலன் ஜுப்பே. ஜனாதிபதி சிராக். இருவரும் சென் கியோம் தெருக்காரர்கள்.

அடுத்த வருடம் தேர்தலில் ஜுப்பே போய் லியோனல் ஜோஸ்பன் வந்தார். அவருடைய உள்துறை அமைச்சர் ஷெவென்மான் 1997 ஜூனில் ஒரு சுற்றறிக்கை விட்டார். அதன் பேரில் ஏறத்தாழ 80,000 பேருக்குக் காட் கிடைத்தது. எங்கள் அறையில் இரண்டு பேர் அதில் தப்பினார்கள், ஒருவன் அன்றிரவே எல்லாருக்கும் கொத்துரொட்டி வாங்கித் தந்தான். எனக்கு மேன்முறையீட்டில் அகதி என்று ஏற்றுக்கொண்டு பத்து வருடக் காட் தந்தார்கள். ஜோஸ்பன், ஷெவென்மான் இருவருமே எங்கே படித்தவர்கள் என்று இனி நான் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பத்து வருடக் காட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. வெளிநாட்டவருக்கு வதிவும் வேலையும் ஒரே அட்டையில், பத்து வருடத்துக்கு, என்ற சட்டம் மித்தரோன் காலத்தில் வந்தது. திகதி 1984 ஜூலை 17. அன்றைக்கே பிரதமர் மொருவா விலகி, முப்பத்தேழு வயது லோரான் ஃபாபியுஸ் பிரதமரானார். மித்தரோன் 1930களில் அங்கே படித்தவர், ஃபாபியுஸ் பிறகு படித்தவர். இதெல்லாம் எனக்கு மகள் தேடிச் சொன்னது. கதவை உடைக்கச் சொன்னவர்களும் காட் தந்தவர்களும் ஒரே விரிவுரை மண்டபத்தில் வெவ்வேறு வருடங்களில் குந்தியிருந்தவர்கள் என்று அறிந்தபோது எனக்கு வந்தது கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. ஊரில் என்றால் இதை ஒரே பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம் என்று சொல்லி விட்டுவிடுவோம். எங்களுக்கும் யாழ்ப்பாணத்தில் அப்படி ஒன்றிரண்டு இருக்கிறதுதானே.

ஆனால் அந்தப் பள்ளி தொடங்கிய காரணம் நியாயமானது. 1870இல் பிரஷியாவிடம் பிரான்ஸ் படு தோல்வி. மறு வருடம் பாரிசில் கொம்யூன் என்ற மக்கள் எழுச்சி, தெருவெல்லாம் இரத்தம். நாட்டை நடத்துகிறவர்களுக்கு நாட்டை நடத்தத் தெரியவில்லை என்று நினைத்த எமில் புத்மி என்ற மனிதர் 1872இல் தனியார் பள்ளியாக இதைத் தொடங்கினார். 1945இல், இன்னொரு தோல்வியையும் ஆக்கிரமிப்பையும் கண்டு முடித்த பிறகு, அரசு அதைத் தன் கையில் எடுத்தது. அதே நேரத்தில்தான் உயர் அதிகாரிகளைப் பயிற்றும் ஏனா என்ற பள்ளியும் உருவானது. அன்றிலிருந்து பல வருடம் ஓடிய பாதை இதுதான்: சியான்ஸ் போ, பிறகு ஏனா, பிறகு அமைச்சின் உள் அறைகள்.

எல்லாரும் அந்தப் பாதையில் போகவும் இல்லை. மார்செல் புரூஸ்த் அங்கே வகுப்புக்குப் போனவர், வெளிநாட்டமைச்சு ஒரு நல்ல எழுத்தரை இழந்தது. கிறிஸ்தியன் தியோரை இராஜதந்திரி ஆக்க வேண்டும் என்று தாய் தகப்பன் அனுப்பினார்கள், பெடியன் கடைசியில் பெண்களுக்குச் சட்டை தைத்து உலகப் புகழ் பெற்றான். பிள்ளை மருத்துவம் படிக்கவில்லை என்று அழுகிற எங்கட தாய்மாருக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பலனில்லை.

லா கூர்னேவில் எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் காரைக்கால்காரர் ஒருவர் இருந்தார். பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடிமகன், தகப்பன் இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். நாங்கள் காட்டுக்காக வரிசையில் நிற்பதைப் பார்த்து இரக்கப்படுவார், அந்த இரக்கத்தில் கொஞ்சம் மிதப்பும் இருக்கும். இந்தப் பள்ளியைப் பற்றிக் கதை வந்தபோது, "எங்க ஊரை இந்தியாகிட்ட விட்டுக்கொடுத்ததே அந்த ஸ்கூல் ஆளுதான் தம்பி" என்றார். அவர் சொன்னது பியேர் மொந்தெஸ் பிரான்சை. இந்தோசீனப் போரை 1954 ஜூலையில் ஜெனீவாவில் முடித்து வைத்த பிரதமர். அதே வருடம் நவம்பர் முதலாம் திகதி புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் இந்தியாவிடம் நடைமுறையில் கைமாறியதும் அவர் ஆட்சியில். சட்டப்படி முடிய 1962 ஆனது. அதன்பிறகு அங்குள்ளவர்கள் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று தேர்வு கொடுத்தார்கள். எங்களுக்கு வாழ்நாள் முழுக்கத் திண்டாட்டமாக இருந்த ஒன்று அவர்கள் வீட்டில் ஒரு படிவத்தோடு முடிந்திருக்கிறது. அவர் மிதப்பு விளங்கக்கூடியதுதான்.

பெயர்ப் பட்டியலில் நான் மனதார மதிக்கிற ஒருவர் சிமோன் வெய். நீஸ் நகரில் 1944 மார்ச்சில் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதி முடித்த மறுநாள் அந்தப் பதினாறு வயதுப் பிள்ளையைப் பிடித்து அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். தாய், தகப்பன், தமையன் மூவரும் திரும்பவில்லை. இவர் திரும்பி வந்து, அதே 1945இல் சட்டப் படிப்புக்கும் சியான்ஸ் போவுக்கும் பதிந்தார். முகாமிலிருந்து வந்த சில மாதத்தில் வகுப்பறையில் போய் இருந்து குறிப்பு எடுப்பதற்கு எப்படிப்பட்ட நெஞ்சு வேண்டும்! பிறகு சுகாதார அமைச்சராக 1975இல் கருக்கலைப்பைச் சட்டமாக்கினார், 1979இல் நேரடியாகத் தெரிவான ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் முதல் தலைவரானார். 2018 ஜூலை முதலாம் திகதி அவரை, நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்கிற பந்தியோனுக்குக் கொண்டுபோனபோது நானும் மகளும் சுஃப்லோ தெரு ஓரத்தில் வெயிலில் நின்றோம். நான் வரச் சொல்லவில்லை, மகள்தான் என்னைக் கூட்டிப் போனாள்.

மகளுக்கு இந்தப் பித்துப் பிடித்தது லீசேயில், அதாவது உயர்நிலைப் பள்ளியில். பாரிஸ் புறநகரான எங்கள் 93ஆம் மாவட்டத்துப் பள்ளிகளிலிருந்து அந்தத் தெருவுக்கு ஒரு காலத்தில் வழியே இல்லை. 2001இல் அப்போதைய இயக்குநர் ரிஷார் தெக்குவான், பின்தங்கிய பகுதிப் பள்ளிகளோடு ஒப்பந்தம் போட்டு, அங்குள்ள பிள்ளைகளை எழுத்துப் பரீட்சை இல்லாமல் நேர்முகத்தில் எடுக்கிற முறையைக் கொண்டுவந்தார். முதல் வருடம் ஏழு பள்ளிகள், பதினேழு பிள்ளைகள். பத்திரிகைகளில் பெரிய சண்டை நடந்தது, தகுதி போச்சுது என்று. எனக்கு அந்தச் சண்டையில் ஒரு பக்கம்தான் உண்டு. தகப்பன் அமைச்சில் வேலை செய்யும் பிள்ளை சாப்பாட்டு மேசையிலேயே பாதிப் பரீட்சையைப் படித்து முடிக்கிறது. எங்கள் மேசையில் பேச்சு அன்றைக்கு வெங்காயம் என்ன விலை என்பது. பணமும் தடையில்லை, பெற்றோர் வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம், எங்களைப் போன்றவர்களுக்குப் பூச்சியம்.

நேர்முகத்துக்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு செய்தியை எடுத்து, அதைப் பற்றி வந்த பத்திரிகைக் கட்டுரைகளைத் தொகுத்து, தன் கருத்தை எழுத வேண்டும். அது 2018-19 குளிர்காலம். சனிக்கிழமை தோறும் அரசுக்கு எதிராக மஞ்சள் சட்டைக்காரர் ஆர்ப்பாட்டம். மகள் அதையே எடுத்தாள். ஜனவரி 5ஆம் திகதி சென் ஜெர்மன் தெருவில் மோட்டார் சைக்கிள்கள் எரிந்தன. கிட்டவுள்ள கிரெனெல் தெருவில், அரசாங்கப் பேச்சாளர் கிரிவோவின் அமைச்சுக் கதவைக் கட்டட வேலை வாகனம் ஒன்றால் இடித்துத் திறந்தார்கள். அவர் பின்வழியால் வெளியேற வேண்டி வந்தது. நாங்கள் குசினிக்குள் இரும்புக் கதவை இழுத்து விட்டு, கண் எரிய இருந்தோம். வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்:

"அப்பா, நீங்கள் ஆற்ற பக்கம்?"

"நான் வாடிக்கையாளர் இல்லாத பக்கம். சனிக்கிழமை ரிப்ஸ் காசு முழுக்கப் போச்சுது."

"அதை நான் எழுதலாமோ?"

எழுதினாள். கிரிவோவும் சியான்ஸ் போ, அவருக்கு மேலே மக்ரோனும் சியான்ஸ் போ, அந்தக் கோபத்தைத் தணிக்க மக்ரோன் ஏப்ரலில் மூடுவதாக அறிவித்ததோ அந்தப் பாதையின் அடுத்த பள்ளியான ஏனாவை என்பதையும் எழுதினாள். அந்த வாசலுக்கு வரம் கேட்டுப் போகிற பிள்ளை இப்படி எழுதலாமா என்று எனக்குப் பயம். ஆசிரியர் அதுதான் நல்லது என்றாராம்.

பள்ளியில் நடந்த முதல் சுற்றில் தெரிவானாள். சென் கியோம் தெருவில் நடந்த கடைசி நேர்முகத்தில் இல்லை. உள்ளே மண்டபத்தில் மாணவர்கள் கூடுகிற அந்தப் பேர்போன மர இருக்கை இருக்கிறது, பெனிஷ் என்பார்கள், அதில் இருந்துவிட்டு வந்தேன் என்றாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நொந்தேர் பல்கலைக்கழகத்தில் சட்டத்துக்குப் பதிந்தாள். அது சார்க்கோசி படித்த இடம் என்று அவளே சொல்லிச் சிரித்தாள். அந்த ஒப்பந்த முறையும் இப்போது பழையபடி இல்லை, 2021இலிருந்து எல்லாருக்குமே எழுத்துப் பரீட்சையை எடுத்துவிட்டார்கள்.

2024 ஜனவரியில் புதிய குடிவரவுச் சட்டம் வந்தபோது வீட்டில் எல்லாருடைய கண்ணும் தொலைக்காட்சியில். ஜனாதிபதி மக்ரோன், பிரதமர் முப்பத்துநான்கு வயது கப்ரியல் அத்தால், அவரும் அந்தப் பள்ளி. சட்டங்கள் அரசியலமைப்புக்கு ஒத்தவையா என்று பார்க்கிற அரசியலமைப்புச் சபை அந்தச் சட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான விதிகளை வெட்டியது. அப்போது சபையின் தலைவர் யார் என்றால் ஃபாபியுஸ், 1984 ஜூலை 17இல் பிரதமரான அதே ஆள். உறுப்பினர்களில் ஒருவர் ஜுப்பே. அவர் 2019 மார்ச்சில் உள்ளே வந்தபோது வெளியே போனவர் ஜோஸ்பன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் பிரதமர் கதிரையில் நடந்ததன் மறுபக்கம். நாங்கள் முடி நரைத்து, முழங்கால் வலித்து, பிள்ளை வளர்த்து ஆளாக்கிய காலம் முழுக்க, எங்கள் காட்டுக்கு மேலே அந்த ஐந்தாறு பெயர்கள்தான் இடம் மாறி மாறி இருந்திருக்கின்றன.

வெட்டாமல் விட்ட விதிகளில் ஒன்று எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. 2026 ஜனவரியிலிருந்து குடியுரிமைக்கு பே-து (B2), அதாவது உயர் இடைநிலை, பிரெஞ்சு வேண்டும். மனைவி தன் தாய் ஊரில் இருந்தவரை இலங்கைக் கடவுச்சீட்டை விட மனமில்லாமல் இருந்தவள், மாமி போன பிறகுதான் மனு போட நினைத்தாள். ஹோட்டல் அறை துப்புரவு செய்துவிட்டு வந்து இரவில் படிக்கிறாள். அந்த நிலையில் வாய்மொழிக்கு ஒரு விஷயம் தருவார்கள், அதில் தன் கருத்தை வைத்து வாதாட வேண்டும். மகள் வீட்டில் பயிற்சி கொடுக்கிறாள். போன கிழமை கொடுத்த விஷயம்: ஏனாவை மூடியது சரியா?

மனைவி கண்ணாடியைக் கழற்றி வைத்து யோசித்துவிட்டு, உடைந்த பிரெஞ்சில் சொன்னாள்: ஒரு பள்ளிக்கூடத்தை மூடினால் என்ன, மற்றது திறந்துதானே கிடக்கிறது, ஆட்கள் அதற்குள்ளால்தானே வருகிறார்கள்.

மகள் வினைச்சொல்லை மட்டும் திருத்தினாள்.