ஈஸ்ட் செல்லும் அடங்கிய ஒளியும்

ஜூன் 3
உயிருள்ள செல்லைப் படம் பிடிக்கிறவர்களுக்குத் தீராத தலைவலி இது. தெளிவு வேண்டுமென்றால் லேசரைக் கூட்ட வேண்டும், கூட்டினால் செல் சாகும். இன்றும் ஈஸ்ட் செல்கள் திரையிலேயே சுருங்கிப்போயின. லேசரைக் குறைத்தால் படம் முழுக்கப் புள்ளி இரைச்சல்.

ஜூன் 4
அந்த இரைச்சல் கருவிக் கோளாறு அல்ல, ஒளியின் சுபாவம். தகரக் கூரையில் மழைத்துளி விழுகிற மாதிரி ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், ஒழுங்கில்லாமல் வந்து விழுகின்றன. சராசரியாக 10,000 வர வேண்டிய இடத்தில் 100 கூடும் அல்லது குறையும். அந்த 1 சதவீதத்துக்குள் அடங்குகிற மாற்றம் கண்ணில் படாது. தடுமாற்றத்தை அரை சதவீதமாக்க நான்கு மடங்கு ஒளி வேண்டும். அத்தனையையும் தாங்க வேண்டியது பாவம் அந்தச் செல்.

ஜூன் 7
ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இருக்கும் வார்விக் போவன் குழு 2021-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையை வரிவரியாகப் படித்தேன். 1928-இல் கல்கத்தாவில் சி.வி. ராமன் கண்ட விளைவுதான் அவர்களுடைய நுண்ணோக்கிக்கும் அடிப்படை. இரண்டு லேசர்களின் அதிர்வெண் வித்தியாசம் ஒரு வேதிப் பிணைப்பின் அதிர்வோடு பொருந்தினால், ஒன்றின் ஆற்றல் மற்றதற்குப் போகும். சாயம் ஏற்றாமலே எந்தப் பிணைப்பு எங்கே என்று தெரிந்துவிடும். ஆனால் அந்த மாற்றம் மிகமிகச் சின்னது. அதனால் அளக்கும் கற்றையை முன்கூட்டியே ஒரு படிகம் வழியாக அனுப்பி, ஃபோட்டான்கள் ஓரளவு ஒழுங்காக வரும்படி அவற்றுக்குள் குவாண்டம் தொடர்பை உண்டாக்கி, பிரகாசத்தின் தடுமாற்றத்தை இயல்பான எல்லைக்கும் கீழே இறக்கிவிட்டார்கள். ஈஸ்ட் செல்லுக்குள் சமிக்ஞை-இரைச்சல் விகிதம் 35 சதவீதம் உயர்ந்தது.

"35 தானா?" என்று ஆய்வகத்தில் கேட்டார்கள். எனக்கு அது பெரிய எண். சாதாரண லேசரைக் கூட்டி அங்கே போக முடியாது, அதற்குள் செல் சேதமாகிவிடும்.

ஜூன் 11
இப்படித் தடுமாற்றம் அடங்கிய ஒளிக்கு எதிரி இழப்பு. லென்ஸ், கண்ணாடித் தகடு, உணரி என்று வழியில் ஃபோட்டான்கள் தொலையத் தொலைய, தொடர்பும் கரைந்து பழைய ஒழுங்கின்மை திரும்பிவிடும். ஈர்ப்பலை தேடும் லைகோவிலும் இவ்வகை ஒளிதான், அங்கேயும் இதே போராட்டம்.

ஜூன் 14
அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் லிஹாங் வாங் குழு (2023) வேறு வழியில் போயிருக்கிறது. பின்னிப் பிணைந்த ஃபோட்டான் இணைகள் பாதி அலைநீள ஒளியைப் போல நடந்துகொள்வதால் நுண்விவரங்களைப் பிரித்துக் காட்டும் பகுதிறன் இரட்டிப்பாகிறது, செல்லைச் சுடும் புற ஊதா தேவையில்லை. அருமையான வேலை. ஆனால் படிகத்தில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு ஃபோட்டான்தான் இணையாகப் பிரிகிறது. நகர்கிற செல்லுக்கு அது போதாது, என் ஓட்டு பிரிஸ்பேனுக்குத்தான்.

எங்கள் ஆப்ஜெக்டிவ் லென்ஸ் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளக்க பவர் மீட்டர் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை கிடைக்கும்.