மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்ட மெடிகேர்

2021 மார்ச்சில் எனக்கு 65 வயது நிறைந்தது. நியூ ஜெர்சியில் வேலையில் இருந்தேன். ஓய்வு பெறும் எண்ணம் இல்லை. அமெரிக்காவில் 65 வயதில் கிடைக்கும் அரசு மருத்துவக் காப்பீடுதான் மெடிகேர். "உடனே மெடிகேரில் சேராவிட்டால் ஆயுள் முழுக்க அபராதம்" என்று நண்பர்கள் பயமுறுத்தினார்கள். விசாரித்தால் அது பாதி உண்மைதான். நிறுவனத்தில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் அதன் காப்பீடுதான் முதலில் பணம் தரும். வேலையில் இருக்கும்வரை, மருத்துவர் கட்டணம் போன்றவற்றுக்கான பார்ட் பி-யைத் தள்ளிப்போடலாம். அதைவிடச் சிறிய நிறுவனமானால் மெடிகேரின் முறைதான் முதலில். அங்கே சேராமல் இருப்பது ஆபத்து.

மருத்துவமனைச் செலவுக்கான, பிரீமியம் இல்லாத பார்ட் ஏ-யைக்கூட நான் எடுக்கவில்லை. மருத்துவச் செலவுக்கு வரிச்சலுகையோடு சேமிக்கும் ஹெச்எஸ்ஏ கணக்கு எனக்கு இருந்தது. மெடிகேரில் சேர்ந்தபின் அதில் பணம் போட முடியாது. 65-ஐத் தாண்டி விண்ணப்பித்தால் பார்ட் ஏ ஆறு மாதம் வரை முன்தேதியிட்டுத் தொடங்கிவிடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 2024 மே மாதம் விண்ணப்பிக்கத் திட்டமிட்டதால், முந்தைய அக்டோபரோடு அந்தக் கணக்குக்கான சம்பளப் பிடித்தத்தை நிறுத்தினேன்.

ஜூன் 30 எனக்கு வேலையில் கடைசி நாள். அலுவலக மனிதவளப் பிரிவில், "18 மாதம் கோப்ரா இருக்கிறது சார், மெடிகேருக்கு அவசரமே இல்லை" என்றார்கள். வேலையை விட்டபின் நிறுவனக் காப்பீட்டை நம் செலவில் தொடர்வதுதான் கோப்ரா. நானும் நம்பிவிட்டேன். மாநில அரசின் இலவச ஆலோசனைத் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த ஓர் அம்மையார்தான் தடுத்தார். கோப்ரா, வேலையோடு வரும் காப்பீடாகக் கணக்கில் வராது. வேலை முடிந்த எட்டு மாதத்துக்குள் பார்ட் பி-யில் சேர வேண்டும். தவறினால் அடுத்த ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும் பொதுச் சேர்க்கைக்குக் காத்திருக்க வேண்டும். தாமதித்த ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் அபராதம், அதுவும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க. இதைத் தெரியாமல் சொன்னவர்கள்மீது எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. எத்தனை பேர் இந்தப் பேச்சை நம்பிக் கையெழுத்திட்டிருப்பார்கள்!

பார்ட் ஏ-க்கான விண்ணப்பம் தனி. பார்ட் பி-க்கு வேண்டியவை இரண்டே படிவங்கள்: நாம் நிரப்பும் சிஎம்எஸ்-40பி, நிறுவனம் நிரப்பும் சிஎம்எஸ்-எல்564. என் காப்பீட்டில் இருந்த 66 வயது மனைவிக்கும் தனியாக ஒரு ஜோடி. நிறுவனத்தின் கையெழுத்துக்குத்தான் மூன்று வாரம் அலைந்தேன். நிறுவனத்தின் மருந்துக் காப்பீடு மெடிகேருக்கு ஈடானது என்ற கடிதத்தையும் கேட்டு வாங்கினேன். மருந்துகளுக்கான பார்ட் டி-யில் சேரும்போது அது தேவைப்படலாம்.

ஜூன் மூன்றாம் வாரம் இரண்டு அட்டைகளும் தபாலில் வந்தன. பார்ட் பி தொடக்கம் ஜூலை 1 என்று அச்சாகியிருந்தது. மனைவி அதை இரண்டு முறை வாசித்துப் பார்த்தாள்.