முதலில் உத்தேசம், அப்புறம் கணக்கு: முதலாண்டு வேதியியல் கணக்குகளைப் போட்டுப் பார்த்த அனுபவம்

கல்லூரி முதலாண்டில் வரும் பொது வேதியியல் கணக்குகளைப் பிடித்துப்போய்ப் போட்டு வருகிறேன். தேர்வு எதுவும் எழுதப் போவதில்லை. மோல் கணக்கில் தொடங்கி, வாயு, வெப்பம், சமநிலை என்று வந்து, இப்போது அமிலத்தில் காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளக்கும் அமில-காரத் தரம்பார்த்தலில் நிற்கிறேன். இதுவரை எது பலன் தந்தது, எந்த இடத்தில் நேரம் செலவிடுவது தகும் என்று எழுதி வைத்தால், இதே கணக்குகளை எடுத்து உட்காரும் வேறு யாருக்காவது உதவும்.

நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்றே ஒன்றுதான். கணக்கைப் படித்தவுடன் சூத்திரத்தைத் தேடுவதில்லை. விடை ஏறத்தாழ எவ்வளவு வரும், எதற்கு மேல் போக முடியாது, எதற்குக் கீழ் இறங்க முடியாது என்பதை நோட்டின் இடது பக்கத்தில் எழுதிவிடுவேன். கால்குலேட்டர் அப்போது கையில் இருக்காது. அப்புறம்தான் வலது பக்கத்தில் அலகுகளோடு முழுக் கணக்கையும் போடுவேன். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்த கணக்கு. ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் கணக்கிலேயே உட்கார்ந்துவிடுவேன், ஏனென்றால் உண்மையான வேதியியல் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

மோல் கணக்குகள் இந்த முறைக்கு நல்ல தொடக்கம். 2019 மே 20 முதல் ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். அதற்கு முன் 12 கிராம் கார்பன்-12 இல் எத்தனை அணுக்கள் உள்ளனவோ அத்தனை என்று வரையறுத்திருந்தார்கள். நாம் போடும் கணக்கில் இதனால் எந்த விடையும் மாறாது. ஆனால் மோல் ஓர் எண்ணிக்கை என்பது புதிய வரையறையில் பளிச்சென்று தெரிகிறது. வினை நடப்பது எண்ணிக்கைப்படி, தராசு காட்டுவதோ எடையை. முதல் சில அத்தியாயங்கள் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே போய் வருவதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. 28 கிராம் நைட்ரஜனையும் 5 கிராம் ஹைட்ரஜனையும் சேர்த்தால் அதிகபட்சம் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும்? ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறு வேண்டும். 28 கிராம் நைட்ரஜன் ஒரு மோல், அதற்கு மூன்று மோல் ஹைட்ரஜன், அதாவது 6 கிராம் தேவை. கையில் இருப்பது 5. ஆக ஹைட்ரஜன்தான் முதலில் தீரும், அதுவே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. ஆறில் ஐந்து பங்குதான் வினை நடக்கும் என்றால், முழுதாக நடந்தால் வரக்கூடிய 34 கிராமில் ஆறில் ஐந்து பங்கு, 28 கிராமுக்குச் சற்று மேல். இவ்வளவும் இடது பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. வலது பக்கத்தில் முறையாகப் போட்டால் 28.3 கிராம் அம்மோனியா, மிச்சம் 4.7 கிராம் நைட்ரஜன். கூட்டினால் 33. போட்டதும் 33 கிராம்தான். நிறை மாறாது என்ற விதியை இப்படிக் கடைசியில் ஒரு கூட்டலாகப் போட்டுப் பார்ப்பதை எந்தக் கணக்கிலும் விடுவதில்லை.

சமன்பாடுகளைச் சமன் செய்யும் பயிற்சியில் அதிக நேரம் போட வேண்டியதில்லை என்பது என் கருத்து. கை பழகும்வரை போதும். எளிய விகித வாய்ப்பாட்டுக் கணக்குகளும் அப்படியே, ஒரு விஷயத்தைத் தவிர. கார்பன் 40.0, ஹைட்ரஜன் 6.7, ஆக்சிஜன் 53.3 சதவீதம் என்று கொடுத்தால் விகிதம் 1:2:1 என்று வந்துவிடும். ஆனால் அந்த விகிதம் பார்மால்டிஹைடுக்கும் பொருந்தும், அசிட்டிக் அமிலத்துக்கும் பொருந்தும், குளுக்கோசுக்கும் பொருந்தும். மூலக்கூறு நிறை 30 ஆ, 60 ஆ, 180 ஆ என்று தெரிந்தால்தான் எது என்று சொல்ல முடியும். சதவீதங்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அவை சொல்லாத ஒன்று உண்டு என்பதை இந்த ஒரு கணக்கு நன்றாகக் காட்டுகிறது.

வாயுக் கணக்குகளில் இரண்டு எண்களை மனதில் வைத்தாலே உத்தேசம் போட்டுவிடலாம். 0 டிகிரி செல்சியசிலும் 1 வளிமண்டல அழுத்தத்திலும் ஒரு மோல் 22.4 லிட்டர், 27 டிகிரியில் 24.6 லிட்டர். இரண்டாவது எண் தனியாக நினைவில் இருக்க வேண்டியதுகூட இல்லை, 0.0821 ஐ 300 ஆல் பெருக்கினால் வந்துவிடும். வெப்பநிலையைக் கெல்வினில் நினைக்கப் பழகினால் இன்னொன்றும் புரியும். 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் பருமன் இரட்டிப்பாகாது, 293 இலிருந்து 313 க்குப் போவதால் ஏழு சதவீதம் போலத்தான் கூடும்.

வெப்பக் கணக்குகளில் நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் தங்கினேன். லிட்டருக்கு 1 மோல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லிலிட்டர், அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லிலிட்டர். சேர்த்தால் வெப்பநிலை எவ்வளவு ஏறும்? ஒரு மோல் நடுநிலையாக்கலில் ஏறத்தாழ 56 கிலோஜூல் வெளிவரும். இங்கே நடப்பது 0.05 மோல், ஆக 2.8 கிலோஜூல். சூடாக வேண்டியது நீர் போன்ற 100 கிராம் கரைசல். ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்ற 4.18 ஜூல். வகுத்தால் 6.7 டிகிரி.

சரி, இரண்டையும் 100 மில்லிலிட்டராக ஆக்கினால்? பொருள் இரட்டிப்பு, அதனால் ஏற்றமும் இரட்டிப்பு என்றுதான் முதலில் எழுதத் தோன்றும். ஆனால் வெப்பம் இரட்டிப்பானால் சூடாக வேண்டிய கரைசலும் இரட்டிப்பாகிறது. வெப்பநிலை அதே 6.7 டிகிரிதான் ஏறும். செறிவை இரட்டித்தால்தான் ஏற்றம் இரட்டிக்கும். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று எத்தனை முறை படித்திருந்தாலும், இந்தக் கணக்கை இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்கும்போதுதான் அந்த வேறுபாடு உள்ளே இறங்குகிறது. ஹைட்ரோகுளோரிக்குப் பதில் நைட்ரிக் அமிலம் எடுத்தாலும் விடை கிட்டத்தட்ட மாறாததும் அழகு. வலிமையான அமிலமும் வலிமையான காரமும் சேரும்போது உண்மையில் நடக்கும் வினை ஒன்றுதான்: ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராவது. சோடியமும் குளோரைடும் நைட்ரேட்டும் கூட நிற்பவை மட்டுமே.

ஹெஸ் 1840 இல் சொன்ன விதியும் இதே அத்தியாயத்தில் வருகிறது. கார்பனை எரித்துக் கார்பன் மோனாக்சைடு மட்டும் உண்டாகும்படி செய்து வெப்பத்தை அளப்பது கடினம், கூடவே கொஞ்சம் கார்பன் டைஆக்சைடும் வந்துவிடும். ஆனால் கார்பன் முழுதாக எரிந்தால் ஒரு மோலுக்கு 393.5 கிலோஜூல், மோனாக்சைடு எரிந்தால் 283.0 கிலோஜூல் என்று இரண்டையும் அளக்கலாம். கழித்தால் 110.5. நேராக அளக்க முடியாத ஒன்றைக் கழித்தலால் பிடித்துவிடும் இந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

சமநிலைக் கணக்குகளில் தொடக்கம், மாற்றம், சமநிலை என்று மூன்று வரிகள் கொண்ட அட்டவணையை எல்லோரும் கற்றுக்கொடுப்பார்கள். அது நல்ல கருவி. அதற்கு முன் எல்லைகளை எழுதிவிட்டால் இன்னும் நல்லது. ஒரு லிட்டர் கலனில் ஹைட்ரஜன் ஒரு மோல், அயோடின் ஒரு மோல், வினை விளைபொருள் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று சொல்லும் சமநிலை மாறிலி 50. உண்டாகும் ஹைட்ரஜன் அயோடைடு 2 மோலைத் தாண்ட முடியாது. மாறிலி 1 ஐவிட நன்றாகப் பெரியது, அதனால் பாதிக்கு மேல் போயிருக்கும், ஆனால் பல ஆயிரம் அளவுக்குப் பெரியதில்லை, அதனால் வினைபடு பொருட்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மிஞ்சும். ஒன்றரை மோல் என்று எழுதினேன். இருபுறமும் வர்க்கமூலம் எடுத்துப் போட்டால் 1.56 வருகிறது. மேலே அம்மோனியா கணக்கில் ‘அதிகபட்சம்’ என்ற சொல் ஏன் இருந்தது என்பதும் இங்கேதான் விளங்கும். அதுவும் மீளும் வினை, அந்த 28.3 கிராம் ஒரு மேல் எல்லை, கலனில் கிடைப்பது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

பிஹெச் கணக்குகள்தான் இதுவரை எனக்கு அதிகம் தந்தவை. ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கையைக் குறி மாற்றி எழுதும் இந்த அளவீட்டை 1909 இல் சோரன்சன் கொண்டுவந்தார். கால்குலேட்டர் இல்லாமல் இதைப் போட இரண்டு மடக்கைகள் தெரிந்தால் பெரும்பாலும் போதும்: 2 க்கு 0.30, 3 க்கு 0.48. மற்றவற்றை இவற்றிலிருந்து கட்டிக்கொள்ளலாம்.

லிட்டருக்கு 0.1 மோல் அசிட்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். அமிலம் எவ்வளவு எளிதாக அயனிகளாகப் பிரிகிறது என்று சொல்லும் அமில மாறிலி 1.8 × 10⁻⁵. வலிமையான அமிலமாக இருந்தால் பிஹெச் 1 இருக்கும், வெறும் நீராக இருந்தால் 7. விடை இந்த இரண்டுக்கும் நடுவே, 1 இன் பக்கம். பிரிந்த அளவு மிகச் சிறியது என்று வைத்துக்கொண்டு வர்க்கமூலம் எடுத்தால் ஹைட்ரஜன் அயனி 1.34 × 10⁻³, பிஹெச் 2.87. பிரிந்தது 1.3 சதவீதம்தான், ஆக அப்படி வைத்துக்கொண்டது நியாயம். இப்போது இதையே நூறு மடங்கு நீர்த்துப்போகச் செய்யுங்கள். செறிவு 0.001. அதே குறுக்குவழியில் போட்டால் பிரிந்தது 13 சதவீதம் என்று வரும். ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் குறுக்குவழி செல்லாது என்பது வழக்கமான அளவுகோல். எனவே இருபடிச் சமன்பாட்டை முழுதாகத் தீர்க்க வேண்டும், விடை 3.90. குறுக்குவழி தருவது 3.87. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் இதில் தெரியும் போக்கு பெரியது: நீர்க்க நீர்க்க வலிமை குறைந்த அமிலம் அதிக விகிதத்தில் பிரிகிறது. குறுக்குவழி எங்கே உடைகிறது என்று தேடிப் போனால்தான் இது கண்ணில் படும்.

இதையே இன்னும் ஒரு படி தள்ளினால் வருவது புகழ்பெற்ற கணக்கு. ஹைட்ரோகுளோரிக் அமிலம், செறிவு 10⁻⁸. சூத்திரத்தில் போட்டால் பிஹெச் 8. அமிலத்தை நீரில் சேர்த்தால் கரைசல் காரமாகிவிடுமா? இடது பக்கத்தில் ‘7 க்கு மேல் போக முடியாது’ என்ற ஒரு வரி இருந்தால், 8 என்ற விடை எழுதும்போதே கண்ணை உறுத்தும். நீரே 10⁻⁷ அளவுக்கு ஹைட்ரஜன் அயனி வைத்திருக்கிறது. சேர்த்த அமிலம் அதில் பத்தில் ஒரு பங்கு. நீரின் பங்கையும் கணக்கில் எடுத்தால் 1.05 × 10⁻⁷, பிஹெச் 6.98. வேதியியல் கற்பிக்கிறவர்கள் இந்தக் கணக்கை முதல் வாரத்திலேயே கொடுக்கலாம் என்பேன்.

இப்போது தரம்பார்த்தல் வளைகோடுகளைக் கையால் வரைந்துகொண்டிருக்கிறேன். 0.1 செறிவுள்ள அசிட்டிக் அமிலம் 25 மில்லிலிட்டர், பியூரெட்டில் அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு. தொடக்கத்தில் 2.87. காரம் 12.5 மில்லிலிட்டர் போனதும் அமிலமும் அசிட்டேட்டும் சம அளவு, பிஹெச் 4.74, அதாவது அமில மாறிலியின் மடக்கையைக் குறி மாற்றியதேதான் (பிகேஏ என்பார்கள்). 24 மில்லிலிட்டரில் 6.12. 25 இல் 8.72. 26 இல் 11.29. முதல் 24 மில்லிலிட்டருக்கு மூன்றே கால் அலகு நகர்ந்த பிஹெச், அடுத்த இரண்டு மில்லிலிட்டரில் ஐந்து அலகுக்கு மேல் தாவுகிறது. புள்ளிகளை நாமே கணக்கிட்டு வைத்துக் கோட்டை இழுக்கும்போது, நடுவில் ஏன் அது அவ்வளவு மந்தமாக ஊர்கிறது என்பதும் தெரிகிறது. தாங்கல் கரைசல் என்று தனி அத்தியாயமாகப் படிப்பது அந்தச் சமதளத்தைத்தான்.

அமிலமும் காரமும் சரிக்குச் சரி தீரும் சமான நிலை 7 இல் இல்லாமல் 8.72 இல் இருப்பதற்குக் காரணம் அசிட்டேட் அயனி நீரோடு வினைபுரிந்து கொஞ்சம் ஹைட்ராக்சைடு தருவது. பினாப்தலீன் என்ற நிறங்காட்டி நிறம் மாறுவது ஏறத்தாழ 8.2 க்கும் 10 க்கும் இடையில், தாவல் நடக்கும் இடத்திலேயே விழுகிறது. மெத்தில் ஆரஞ்சோ 3.1 க்கும் 4.4 க்கும் இடையில் மாறிவிடும். பாதிக் காரம் சேர்வதற்குள்ளேயே அதன் நிற மாற்றம் முடிந்துபோகும். ஆய்வகத்தில் ‘இதற்கு இந்த நிறங்காட்டி’ என்று மனப்பாடமாகச் சொல்லப்படுவதை, இந்த ஒரு வளைகோட்டை வைத்து யாரும் தாமாகவே தேர்ந்தெடுத்துவிடலாம்.

அடுத்து எடுத்திருப்பது பாஸ்பாரிக் அமிலம். மூன்று ஹைட்ரஜன் அயனிகளைத் தனித்தனியாக விடக்கூடியது. பிகேஏ மதிப்புகள் ஏறத்தாழ 2.15, 7.20, 12.35. இடது பக்கம் எழுதியாகிவிட்டது: மூன்று தாவல் தெரியாது, இரண்டுதான் தெரியும், ஒன்று 4.7 அருகில், மற்றது 9.8 அருகில். மூன்றாவது, சேர்க்கும் காரத்தின் பிஹெச்சுக்கு மிக அருகில் இருப்பதால் கோட்டில் கரைந்துபோகும். வலது பக்கக் கணக்கு இனிமேல்தான்.