அப்பாயி அப்படிப் பேசியதே இல்லை

பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் மகள் கேட்டாள்: "அம்மா, இது உன் குரல்தானே?"

வகுப்பில் ஒரு பையன் தலையை இருபுறமும் ஆட்டி, நாக்கை மடித்து ஆங்கிலம் பேசிக் காட்டியிருக்கிறான். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அவள் அதை அப்படியே எனக்கு நடித்துக் காட்டினாள். சந்தேகமே இல்லை, என் குரல்தான். 2011இல் ஓர் ஆங்கில நகைச்சுவைத் தொடருக்காக நான் செய்துகொடுத்தது. அதன் துண்டுக் காட்சி ஒன்று கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்புவரை வந்துசேரும் என்று நினைத்திருக்கவில்லை.

அது 2019 ஜூலை, இன நல்லிணக்க நாள் வாரம். 1964 ஜூலை 21இல் இங்கே வெடித்த இனக் கலவரத்தை மறக்கக்கூடாது என்பதற்காகச் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் அந்த நாளையொட்டிப் பிள்ளைகள் பாரம்பரிய உடையில் வருவார்கள். அவள் மாம்பழ மஞ்சளில் பட்டுப்பாவாடை உடுத்திப் போயிருந்தாள். வீடு திரும்பியபோது இடுப்புப் பட்டியில் வியர்வை வட்டமிட்டிருந்தது. அழவில்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடிப்புதான் எனக்குச் சோறு போடுகிறது. தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்கள், மேடை, பள்ளிகளுக்குப் போய்ப் போடும் அரை மணி நேர நாடகங்கள், எப்போதாவது ஆங்கிலத் தொடரில் ஒரு வேடம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டுவாசிகளில் இந்தியர் 9 விழுக்காடு. அதில் தமிழர் ஒரு பகுதி. தமிழில் மட்டும் நடித்துக் குடும்பம் நடத்துவது கடினம். ஆங்கிலத்தில் கூப்பிட்டால் போக வேண்டும். அங்கே எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பெயரில்லாத வேடங்கள்: தாதி, பக்கத்து வீட்டுக்காரி, பரோட்டா கடைக்காரரின் மனைவி.

2011இல் அவளுக்கு ஐந்து மாதம். அரசு வேலையிலோ அலுவலகத்திலோ இருக்கும் பெண்ணுக்கு 16 வாரப் பேறுகால விடுப்பு முடிந்ததும் அவளுடைய நாற்காலி அங்கேயே இருக்கும். என்னைப் போலத் தனியாகத் தொழில் செய்பவர்களுக்கும் முந்தைய வருமானத்தைக் கணக்கிட்டு அரசாங்கம் பணம் தருகிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேடம் காத்திருக்காது. பிரசவத்துக்கு முன் நான் செய்துகொண்டிருந்த பாத்திரம் வேறொருவருக்குப் போய்விட்டது. உடம்பு கனத்திருந்தது. வசனம் மனத்தில் நிற்கவில்லை. எழுதி ஒட்டிவைத்த தாளைப் பார்த்தும் தடுமாறினேன். அந்த நேரத்தில்தான் இந்த அழைப்பு வந்தது.

படப்பிடிப்பில் தாய்ப்பால் எடுக்க இடம் கேட்டேன். உடைகள் தொங்கும் அறையின் மூலையைக் காட்டினார்கள். கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஒரு கையால் கதவை அழுத்திக்கொண்டு மறு கையால் பால் எடுத்தேன். வெளியே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். புட்டியை மூடிக் குளிர்பைக்குள் வைத்துவிட்டு ஓடினேன்.

இயக்குநர் நல்ல மனிதர், அதட்டிப் பேசாதவர். முதல் தடவை எடுத்து முடித்ததும், "இன்னும் கொஞ்சம் இந்தியப் பெண்மணியாக இருக்கலாம்" என்றார். நான் இந்தியப் பெண்மணிதான் என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. அவர் கேட்டது எது என்று புரிந்தது. நடிகைக்குத் தெரிந்த வழியில் அதைத் தயாரித்தேன். குரலைத் தொண்டையிலிருந்து மூக்குக்கு ஏற்றினேன். 'ட'வை நாக்கை மடித்துத் தட்டினேன். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தலையை ஓர் ஆட்டு ஆட்டினேன். அவ்வளவுதான். ஒளிப்பதிவாளரின் தோள் குலுங்கியது. ஐந்து மாதத்தில் முதல்முறையாக என் வேலை எனக்கு இன்னும் வருகிறது என்று தோன்றியது. அந்தச் சிரிப்பை வீட்டுக்கு எடுத்துப்போனேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அன்று நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

மகள் கேட்ட அன்று இரவுதான் அந்தக் குரல் யாருடையது என்று யோசித்தேன். என்னுடையது அல்ல. என் அம்மாவுடையது அல்ல. அப்பாயியுடையதும் அல்ல.

அப்பாயி 1950களின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கப்பலேறி வந்தவர். தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறிய பிறகு குடும்பம் தோ பாயோ அடுக்குமாடிக்கு வந்தது. அப்பாயிக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. எதிர்வீட்டுச் சீன அம்மாவுக்கும் தெரியாது. இருவரும் பேசிக்கொண்டது சந்தை மலாய். அப்பாயி அவரை "ஆ சோ" என்று அழைப்பார். ஈரச்சந்தையில் மீன்காரரிடம், "இக்கான் இனி பெராப்பா?", இந்த மீன் என்ன விலை, என்று மெதுவாகத்தான் தொடங்குவார். விலையைச் சொன்னதும், "மாஹால்-லா!", விலை அதிகம், என்று குரலைத் தணித்து, ஏதோ துக்கம் விசாரிப்பதைப்போல இழுப்பார். தலை ஆடாது. கை மட்டும் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும். மீன்காரர் விலையைக் குறைக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

நாடகத்தில் சேர்ந்த புதிதில் என் ஆசிரியர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, பேசுவதற்கு முன் கேள் என்பதுதான். பத்து வயதுவரை அப்பாயியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சந்தையில் நின்றவள் நான். அந்த ஏற்ற இறக்கம் முழுவதும் என் காதில் இருந்தது. அதை விட்டுவிட்டு, எந்த வீட்டிலும் யாரும் பேசாத ஒன்றைப் பேசியிருக்கிறேன். இனத்தை இழிவுபடுத்தினேன் என்பது ஒரு பக்கம். என் தொழிலையே சரியாகச் செய்யவில்லை என்பதுதான் என்னை அதிகம் அறுத்தது. பொய்யான வேலை சிரிப்பு வாங்கியது, அதனால் யாரும், நானும், அதைத் தப்பென்று பார்க்கவில்லை.

அந்த ஜூலைக் கடைசியில்தான் மின்னணுவழிப் பணம் செலுத்தும் சேவைக்கான விளம்பரம் ஒன்று ஊரையே பேச வைத்தது. சீன நடிகர் ஒருவரே நான்கு வேடங்களில் வந்தார். அதில் ஒன்றுக்குத் தோலில் கருமை பூசி, கழுத்தில் 'கே. முத்துசாமி' என்று அட்டை மாட்டியிருந்தார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டார்கள், படத்தை நீக்கிவிட்டார்கள். எனக்கு அந்த அட்டைதான் நினைவில் நிற்கிறது. பெயர்கூட எழுதி மாட்டியாயிற்று, முத்துசாமி ஒருவரைக் கூப்பிட மட்டும் தோன்றவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2017இல், நடிகர் தேர்வில் தன்னை இன்னும் இந்தியனாக நடிக்கச் சொன்னார்கள் என்று ஓர் இளம் நடிகர் முகநூலில் எழுதினார். காவல்துறை அவரை அழைத்து விசாரித்தது. அப்போது என் நண்பர்கள் பலர் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை. அந்தத் தொடரின் துண்டை யாராவது எடுத்துப் போட்டுவிடுவார்களோ என்ற பயம்.

ஹாட்டி மெக்டேனியலைப் பற்றி அப்போதுதான் தேடிப் படித்தேன். ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பின நடிகை. 1940இல், பணிப்பெண் வேடத்துக்காக வாங்கினார். விழா நடந்த லாஸ் ஏஞ்சலஸ் விடுதியில் சக நடிகர்களோடு ஒரே மேசையில் உட்கார அவருக்கு அனுமதியில்லை, சுவரோரம் தனி மேசை போட்டிருந்தார்கள். பணிப்பெண் வேடங்களையே ஏற்கிறார் என்று சொந்த மக்களிடமும் திட்டு வாங்கினார். அவருடைய காலத்துச் சுமையில் நூற்றில் ஒரு பங்குகூட என் மீது இல்லை. ஆனாலும் அந்தச் சுவரோர மேசையைப் பற்றிப் படித்தபோது, தாழ்ப்பாளில்லாத அந்தக் கதவுதான் நினைவுக்கு வந்தது.

நம்மவர்களையும் சொல்லியாக வேண்டும். தமிழ் நாடகங்களில் என் நிறத்துக்கு நாயகி வேடம் எளிதில் வந்ததில்லை. ஒப்பனை அறையில் பல ஆண்டுகள் என் முகத்துக்குப் பொருந்தும் பூச்சே இருக்காது. இருப்பதில் கருமையானதைப் பூசினாலும் விளக்கின் கீழே சாம்பல் தட்டிய முகமாகத்தான் தெரிவேன். இப்போது என் பெட்டியை நானே கொண்டுபோகிறேன். இரண்டு நிறங்களைப் புறங்கையில் குழைத்துத் தாடையோரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். அந்த ஐந்து நிமிடத்துக்கு யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மகளுக்கு அன்று இரவு எல்லாவற்றையும் சொன்னேன், பால் புட்டி உட்பட. அவள் கொஞ்ச நேரம் யோசித்து, "உனக்குப் பிடிக்காமல் செய்தாயா?" என்று கேட்டாள். "இல்லைம்மா, அன்றைக்குப் பிடித்துத்தான் செய்தேன்" என்றேன். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் வகுப்பாசிரியரைப் பார்த்துப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பையன் மன்னிப்புக் கேட்டான். ஒன்பது வயதுப் பிள்ளை, கைப்பேசியில் பார்த்ததைச் செய்திருக்கிறான். எனக்கு அவன் மீது கோபமே வரவில்லை.

பிறகொரு நடிகர் தேர்வில் அதே சொற்களை மறுபடி கேட்டேன். வேறு இயக்குநர், வயதில் என்னைவிட மிகவும் இளையவர். "இன்னும் கொஞ்சம் இந்தியப் பாட்டியாக..." கை நடுங்கியது. வசனத்தாளைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் மீன் இருப்பதாக வைத்துக்கொண்டு செவுளைத் தூக்கிப் பார்த்தேன். "இக்கான் இனி பெராப்பா?" மேசைக்குப் பின்னால் இருந்த வயதான ஒலிப்பதிவாளர் ஒருவர், சீனர், சட்டென்று நிமிர்ந்தார். தேர்வு முடிந்ததும் வெளியே வந்து, தன் ஆத்தாவும் இப்படித்தான் பேரம் பேசுவார் என்று மலாயிலேயே சொன்னார். வேடம் எனக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். இப்போது அவள் என்னைவிட உயரம். சமையலறையில் வஞ்சிரத் துண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எங்கே, கொள்ளுப்பாட்டி எப்படிக் கேட்பார், செய்து காட்டு" என்றாள். காட்டினேன். அவளும் சொல்லிப் பார்த்தாள். 'மாஹால்' என்பதில் குரல் மேலே போய்விட்டது. கீழே இறக்கு, அவசரப்படாதே, மீனைப் பார் என்றேன். ஈரக் கையோடு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.